கேட்காதவர்

மட்டாஞ்சேரி பஜாரில் கை நீட்டுகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. வெள்ளிக்கிழமை காலை வர வேண்டும். கடைக்கு வெளியே நின்று குரல் கொடுக்க வேண்டும். கல்லாவில் இருப்பவர் காசை எடுத்து வைத்ததும் அடுத்த கடைக்கு நகர்ந்துவிட வேண்டும். நான் சொல்லவந்த மனிதர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. குரல் கொடுக்கவில்லை. சுக்கு வியாபாரி ராவுத்தரின் கிடங்கு வாசலில் இரண்டு கைவண்டிகளுக்கு நடுவே, கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அது 1961, மழைக்கு முந்தைய வெக்கை. ஒரு தமிழ் நாளிதழுக்குக் கொச்சியிலிருந்து மிளகு, சுக்கு, கொப்பரை விலைகளைத் தந்தியில் அனுப்பும் வேலை எனக்கு. கிடங்குக்கு எதிர்மாடியில் என் அறை. விலை கேட்டு எழுதுகிறவனுக்குத் தெருவைப் பார்த்துக்கொண்டே இருக்கும் பழக்கம் தானாக வந்துவிடும்.

வயது இருபது, இருபத்திரண்டு இருக்கும். மழித்த தலை. தவிட்டு நிறத் துணி ஒரு தோளை மூடியிருந்தது. கையில் மூடி போட்ட கறுப்பு இரும்புப் பாத்திரம். உயர்ந்த கன்ன எலும்பு, சிறிய கண்கள். நேப்பாளி என்றார்கள் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள். அந்த முகம் யாருடையது என்ற கேள்வி அன்று அதோடு முடிந்தது.

ராவுத்தர் ஒரு காசை எடுத்து நீட்டினார். அவர் பாத்திரத்தை மூடினார். கோபமில்லை, அவமதிப்பில்லை, மழை வந்தால் ஜன்னலை மூடுவதுபோல மூடிவிட்டு அடுத்த வாசலுக்குப் போனார்.

"நம்ம காசு என்ன, செல்லாத காசா?" என்றார் ராவுத்தர், தெருவுக்கே கேட்கும்படி.

முற்றத்தில் உட்கார்ந்து சுக்கு ஆய்ந்துகொண்டிருந்த பெண்களில் மூத்தவள் கதீஜும்மா. அவள் எழுந்து போய், தன் மதியச் சாப்பாட்டிலிருந்து இரண்டு துண்டு கப்பைக் கிழங்கையும் கொஞ்சம் மீன் குழம்பையும் அவர் பாத்திரத்தில் வைத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். சாமியார் மீன் தின்கிறார் என்ற செய்தி உச்சிப்பொழுதுக்குள் தமிழ்த் தெருக்களைச் சுற்றி வந்தது. என் வீட்டுக்காரம்மாள் அன்று மாலை, அந்த ஆளை நம் படியில் நிற்கவிடாதே என்று எனக்குச் சொல்லி அனுப்பினாள்.

அவர் பௌத்த பிக்கு, காசைத் தொடக்கூடாதவர். அஸ்ஸாமில், பர்மாவை ஒட்டிய மலையடிவாரத்தில், ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர். அந்த ஊர் மடம் பூகம்பத்தில் சரிந்து, மூங்கிலால் மறுபடி கட்டப்பட்டது. ஊரின் ஒரே பள்ளிக்கூடமும் அதுதான். ஆனால் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய ஒருவர் பாடம் நடத்தினால்தான் அதைப் பள்ளியாக ஏற்றுக்கொள்வோம் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். இல்லையென்றால் அக்கரைப் பள்ளிதான். மழைக்காலத்தில் அந்த ஆற்றைப் பிள்ளைகள் கடக்க முடியாது. கொச்சியில் பௌத்தத்தின் மேல் மதிப்புள்ள பெரிய மனிதர் ஒருவர், கல்கத்தாவில் மடத்துப் பெரியவரைச் சந்தித்தபோது, உங்கள் சீடனை அனுப்புங்கள், படிக்கவைக்கிறேன் என்றாராம். இவர் வந்து இறங்கியபோது அந்த மனிதர் இறந்து பதினாறாம் நாள் சடங்கு நடந்துகொண்டிருந்தது. வாரிசுகளுக்குப் பௌத்தத்தில் ஈடுபாடு இல்லை.

இதையெல்லாம் நான் கேட்டதனால் சொன்னார். கேட்டால் எதையும் சொல்வார். அவரும் கேட்பார், ஓயாமல் கேட்பார். சுக்கை ஏன் சுண்ணாம்பில் புரட்டுகிறீர்கள், கயிற்றுக் கட்டு எந்த நாட்டுக்குப் போகிறது, கடல்நீர் ஏறும் வேலியேற்றத்தின்போது படகுகள் ஏன் எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கின்றன. அவர் வந்தால் சுமட்டுக்காரர்கள், "சாமி வந்தாச்சு, பரீட்சை தொடங்கியாச்சு" என்பார்கள். ஆனால் ஒரு பொருளை, ஒரு உதவியை, ஒரு வாய்த் தண்ணீரைக்கூடக் கேட்டு நான் பார்த்ததில்லை.

தமிழை அவர் அந்தச் சுமட்டுக்காரர்களிடம்தான் கற்றார். அதனால் எல்லோரையும் 'நீ' என்றே பேசினார். என்னை, ராவுத்தரை, பள்ளித் தலைமையாசிரியரை. இவ்வளவு சாந்தமான முகத்திலிருந்து, "நீ கொஞ்சம் தள்ளு" என்று வரும்போது கேட்பவருக்குக் கோபிக்கவும் முடியாது, சிரிக்கவும் முடியாது.

அவரைப் பற்றி என் பத்திரிகைக்கு ஒரு செய்தி எழுதினேன். படித்துக் காட்டியபோது, உதவ விரும்புவோர் எழுதலாம் என்ற கடைசி வரியை எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டு அனுப்பினேன். பத்திரிகை அதைப் போடவில்லை. எதையும் கோராத செய்திக்கு இடமில்லை என்று சென்னையிலிருந்து பதில் வந்தது. அவரிடம் சொன்னேன். தலையசைத்தார், அவ்வளவுதான்.

ராவுத்தர் அவருக்குக் கிடங்கு மாடியில் ஓர் இடம் கொடுத்தது தயவினால் என்று சொல்ல முடியாது. வாசலில் ஓர் ஆள் தினமும் வாய் திறக்காமல் நின்றால் வாங்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது அவருடைய கவலை. மேலே போய் இரு, கீழே நிற்காதே என்றார். பிறகு அவரே தலைமையாசிரியரிடம் பேசி, தனித்தேர்வராகப் பரீட்சை எழுத ஏற்பாடு செய்தார். மாலையில் ஒரு மணி நேரம் வகுப்பில் உட்கார அனுமதி. கணக்கில் மட்டும் பிக்கு தேறவில்லை. பலகையில் ஒன்று இருக்க அவர் வேறொன்றை எழுதினார். மலைநாட்டுப் புத்தி என்று தலைமையாசிரியர் கைவிட்டார்.

ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, கதீஜும்மா ராவுத்தரிடம் வந்து நின்றாள்.

"முதலாளி, சாமிக்குக் கண்ணு பிடிக்கலை. புஸ்தகத்தை மூக்கிலே ஒட்டிவச்சுப் படிக்குது. இன்னிக்குக் கப்பைன்னு நினைச்சு வாழைத்தோலை எடுத்துது."

ராவுத்தர் மாடிக்கு ஏறினார். நானும் பின்னால் போனேன். கேட்டதும் பிக்கு ஒத்துக்கொண்டார். வந்த நாளிலிருந்தே தூரத்தில் உள்ளது தெரியவில்லை. கண்ணாடி வேண்டும்.

"ஒரு வருஷமா? வாயைத் திறந்து கேட்டா குறைஞ்சா போவே?"

அப்போதுதான் அவர் தன் விதியைச் சொன்னார். ரத்த உறவிடம் கேட்கலாம். அல்லது, வேண்டியதை என்னிடம் கேளுங்கள் என்று வாய்விட்டுச் சொன்னவரிடம் கேட்கலாம். மற்றவரிடம் கேட்கக்கூடாது. கல்கத்தாவில் ஒருவர் அப்படிச் சொன்னார். அவர் இறந்துவிட்டார், அவரோடு அந்தச் சொல்லும் போயிற்று.

ராவுத்தர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "தம்பி, அந்த வார்த்தையை இந்த பஜார்ல எவனும் சொல்ல மாட்டான். என்ன வேணுமோ கேளுன்னு ஒருத்தன்கிட்ட சொல்றதும் வெறும் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுக் குடுக்கிறதும் ஒண்ணு. சொன்னா சொன்னதுதான், பின்னெ எடுக்க முடியாது. கண்ணாடி வாங்கித் தர்றேன். அந்த வார்த்தை மட்டும் என் வாயிலிருந்து வராது."

அடுத்த வாரம் படகில் எறணாகுளத்துக்கு அழைத்துப் போய், பிராட்வே கடைத்தெருவில் கண்ணாடி வாங்கிப் போட்டுவிட்டார். மூன்று மாதத்தில் வகுப்பில் கணக்கில் அவரை மிஞ்ச ஆளில்லை. அடுத்த வருஷம் மார்ச் மாதப் பரீட்சைக்குப் பெயர் கட்டியாயிற்று. அது 1962. அக்டோபர் பின்பாதியில் எல்லையில் சீனாவோடு சண்டை தொடங்கியது.

கொச்சி கப்பற்படை உள்ள ஊர். செய்தி வர வர பஜார் மாறியது. சாயாக் கடையில் வானொலிப் பெட்டியைச் சுற்றிக் கூட்டம். பாதுகாப்பு நிதிக்குப் பெண்கள் வளையலைக் கழற்றிக் கொடுத்தார்கள். பிக்குவின் முகத்தை நேப்பாளி முகம் என்று சொன்னவர்கள் இப்போது அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. சுமட்டுக்காரர்கள் அவர் கேள்விகளுக்குப் பதில் தருவதை நிறுத்தினார்கள். காலையில் அவர் நிற்கும் வாசல்களில் கதவுகள் பாதி சாத்தியே இருந்தன. கதீஜும்மா மட்டும் வழக்கம்போல எழுந்து வந்தாள். மற்றப் பெண்கள் தலை நிமிரவில்லை. அவர் நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்ளட்டும் என்று ராவுத்தரிடம் சொன்னேன். சொல்லிப் பார்த்தேன், கடலைப் பார்க்காமல் இருக்க முடியாதாம், என்றார்.

நவம்பர் பின்பாதியில் ஒரு காலை, ஸ்டேஷனில் எனக்குத் தெரிந்த போலீஸ்காரர் என் படியேறி வந்தார். எதிர்மாடிச் சீனனைப் பிடித்துவைத்திருக்கிறோம், உங்களுக்குச் செய்தியாச்சே என்றார்.

படகுத்துறையில் அவர் இழுவைப் படகுக்காரர்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எத்தனை கப்பல் நிற்கிறது, எங்கே போகிறது, இங்கே ஆழம் எவ்வளவு. படகுக்காரன் ஒருவன் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டான்.

ஸ்டேஷன் வாசலில் முப்பது நாற்பது இளைஞர்கள் நின்றிருந்தார்கள். சிலரை எனக்குத் தெரியும். நிதி வசூலுக்கு என்னிடம் வந்தவர்கள்தான். உள்ளே பிக்கு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றி வாங்கி மேசைமேல் வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு காகிதம், மடத்துப் பெரியவர் தங்கள் மொழியில் எழுதிக் கொடுத்தது. அந்த எழுத்தை அங்கே யாராலும் படிக்க முடியவில்லை. படிக்க முடியாததெல்லாம் அன்று சீனம்தான்.

ஆழம் எதற்குக் கேட்டாய் என்றார் சப்-இன்ஸ்பெக்டர், மலையாளத்தில்.

"எங்க ஊர்ல கடல் பார்த்தவன் இல்லை. போய்ச் சொல்லணும். நீ பார்த்திருக்கே, உனக்குத் தெரியாது" என்றார் பிக்கு, தன் சுமட்டுக்காரத் தமிழில்.

அந்த 'நீ' அறையில் விழுந்த விதத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஒரு போலீஸ்காரர் அடி எடுத்து வைத்தார். பிக்குவுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான், எல்லோரையும் அப்படித்தான் பேசுவார் என்று நான் குறுக்கே சொன்னேன். சப்-இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி அந்தப் போலீஸ்காரரை நிறுத்தினார். அவர் கெட்டவரில்லை. அவசரத்திலிருந்தார். அஸ்ஸாமுக்குத் தந்தி கொடுத்தாயிற்று, ஆனால் அங்கே சண்டை நடக்கிறது, பதில் எப்போது வருமோ தெரியாது என்றார். அதுவரை சொத்துள்ள ஒருவர் இவருக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டால் மட்டாஞ்சேரியிலேயே இருக்கலாம். இல்லையென்றால் மறுநாள் ரயிலில் வடக்கே, சீனர்களை அடைத்துவைக்கும் முகாமுக்கு.

முகாம் என்றால் பரீட்சை இல்லை. பரீட்சை இல்லையென்றால் மடத்துப் பள்ளிக்கூடம் இல்லை. இது எனக்கும் பிக்குவுக்கும் தெரிந்திருந்தது.

யாரைக் கூப்பிடலாம் சொல், ஆள் அனுப்புகிறேன் என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

பிக்கு கொஞ்சம் யோசித்தார். "நான் கேக்கக்கூடிய ஆள் யாரும் இல்லை."

என் அறை வாடகை அறை. என் கையெழுத்துக்கு மதிப்பில்லை. ராவுத்தரிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்வது என் இஷ்டம் என்றார். தான் கேட்டதாக மட்டும் சொல்லக்கூடாது.

கிடங்கில் ராவுத்தர் ஒரு வியாபாரியோடு இருந்தார். ஓரமாக அழைத்துச் சொன்னேன். நான் முடிக்கும்வரை முகம் மாறாமல் கேட்டார்.

"அவன் கேட்டானா?"

"இல்லை."

"கேட்கச் சொல்லும், வர்றேன்."

"கேட்க மாட்டார். உங்களுக்கே தெரியும்."

ராவுத்தரின் தம்பி கராச்சியில் கடை வைத்திருந்தார். அந்தச் சேதி ஸ்டேஷனிலும் இருந்தது. ஏற்கெனவே ஒருமுறை வந்து விசாரித்துப் போயிருந்தார்கள். இந்தச் சமயத்தில், இந்த முகமுள்ள ஓர் ஆளுக்கு, இந்தப் பெயருள்ள ஒருவர் போய்ப் பொறுப்பேற்றால் என்ன ஆகும் என்பதை எனக்கு அவர் விளக்கவில்லை. உள்ளே இருந்த வியாபாரி விளக்கினார். தாழ்ந்த குரலில், நல்லதனமாக, வெகுநேரம். ராவுத்தர் ஒரு சுக்குத் துண்டை ஒடித்தார். பிறகு அந்தத் துண்டுகளை மறுபடி ஒடித்தார். முற்றத்தில் பெண்களின் கை நின்றிருந்தது.

கடைசியில் ராவுத்தர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். ஸ்டேஷன் வாசலில் இளைஞர்கள் வழிவிட்டார்கள், உடனே அல்ல. ஒருவன், "ராவுத்தர் காக்கா யாரைப் பார்க்கப் போறீங்க, சொந்தக்காரனையா?" என்றான். சிலர் சிரித்தார்கள். ராவுத்தர் அவனைத் திரும்பிப் பார்த்தார், உள்ளே போனார்.

சப்-இன்ஸ்பெக்டர் காகிதத்தைத் தள்ளினார். ராவுத்தர் அதைத் தொடவில்லை. பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றார்.

"தம்பி, உனக்கு என்ன வேணுமோ எங்கிட்ட கேளு."

அந்த அறையில் இருந்தவர்களில் அந்த வார்த்தையின் எடை எனக்கும் அவர்கள் இருவருக்கும் மட்டும்தான் தெரியும். பிக்கு நிமிர்ந்தார். கண்ணாடி இல்லாததால் ராவுத்தரின் முகத்தை அவரால் சரியாகப் பார்க்க முடிந்திருக்காது.

"கேக்கிறேன்" என்றார். "கையெழுத்துப் போடாதே. உன் தம்பி கராச்சியில இருக்கான். வீட்டுக்குப் போ."

நான் அவரை அறிந்த காலத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் கோரிக்கை அது. வெளியே யாரோ கோஷம் தொடங்கினார்கள், நாலைந்து குரல் சேர்ந்தது. சப்-இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"கேளுன்னுதான் சொன்னேன்" என்றார் ராவுத்தர். "கேட்டதையெல்லாம் தர்றேன்னு எப்பச் சொன்னேன்?"

மேசைக்கு வந்து கையெழுத்திட்டார். கண்ணாடியை எடுத்துத் துண்டில் துடைத்துக் கொடுத்தார்.

மூவரும் வெளியே வந்தபோது கோஷம் நின்றது. யாரும் எதையும் எறியவில்லை. ஆனால் பஜார் முழுவதும் ஆட்கள் வாசலுக்கு வந்து நின்று பார்த்தார்கள். அன்று நடந்த தூரம் அவ்வளவு நீளமானது என்று எனக்கு அதற்குமுன் தெரியாது. ராவுத்தர் முன்னால் நடந்தார், வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. பிக்கு கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு பின்னால். கிடங்கு வந்ததும் ராவுத்தர் கல்லாவில் உட்கார்ந்து, கணக்குப் புத்தகத்தைத் திறந்தார்.

அதன் பிறகு ராவுத்தருக்கு வழக்கமாக வரும் ஏற்றுமதிக்காரர் ஒருவர் வேறு கிடங்குக்குப் போனார். போலீஸ் இரண்டு முறை வந்து தம்பியின் கடிதங்களைப் பார்த்தது. வாரந்தோறும் இருவரும் ஸ்டேஷனுக்குப் போய் முகம் காட்ட வேண்டும். பிக்கு மட்டாஞ்சேரியைத் தாண்டுவதென்றால் பொறுப்பேற்றவர் கூடவே போக வேண்டும். பரீட்சை எறணாகுளத்தில். ஆகவே சுக்கு வரத்து மும்முரமான மார்ச் மாதத்தில், கடையைக் கணக்கப்பிள்ளையிடம் விட்டுவிட்டு, ஒவ்வொரு பரீட்சைக்கும் படகேறிப் போய், பள்ளிக்கூட மரத்தடியில் மணி அடிக்கும்வரை ராவுத்தர் உட்கார்ந்திருந்தார். எந்தப் பிள்ளையின் வாப்பா என்று ஒரு வாத்தியார் கேட்டாராம். என் பிள்ளை இல்லை, என் ஜாமீன் என்றாராம்.

கோடையில் முடிவுகள் வந்தபோது பத்திரிகையில் அவர் பரீட்சை எண்ணைத் தேடிப் பார்த்தவன் நான்தான். இருந்தது. அதற்குள் அஸ்ஸாமிலிருந்தும் பதில் வந்துவிட்டது: இன்னார் எங்கள் ஊர்க்காரர்தான், இந்தியர்தான். சப்-இன்ஸ்பெக்டர் அதைத் தானே கொண்டுவந்து கொடுத்தார். ஒரு சாயா குடித்துவிட்டுப் போனார்.

நான் சொல்ல விரும்புவது அதற்கு முன், கடைசிப் பரீட்சை முடிந்த மாலை. எறணாகுளத்தில் தபால் வேலை முடித்து நானும் அதே படகில் திரும்பினேன். மட்டாஞ்சேரித் துறையில் இறங்கியதும் பிக்கு நின்றார்.

"ராவுத்தரே, நீ அன்னிக்குச் சொன்ன வார்த்தை நாலு மாசம்தான் நிக்கும். எங்க விதி அப்படி. இந்த வாரத்தோட தீந்துபோகும்."

ராவுத்தருக்கு இது புதிய செய்தி. "அதனாலே?"

"இன்னிக்குக் கேக்கலாமா?"

"கேளு" என்றார் ராவுத்தர், எச்சரிக்கையாக.

"எனக்கில்லை. மடத்துக்கு. மூங்கில் கூரை வருஷா வருஷம் ஒழுகுது. பள்ளிக்கூடம் அதுக்குக் கீழதான் நடக்கணும். தகரம் வேணும்."

படகிலிருந்து இறங்கியவர்கள் எங்களைச் சுற்றி நின்றிருந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் பஜார் ஆட்கள். எத்தனை தகரம் என்று ராவுத்தர் கேட்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் வலக்கையின் மேல் போட்டு, கையை நீட்டினார். எங்கள் பஜாரில் மூன்றாம் ஆள் அறியக்கூடாத எண் என்றால் அப்படித்தான். துணிக்கு அடியில் ஒருவர் விரலை மற்றவர் பிடித்துச் சொல்வார், வாய் திறப்பதில்லை. இரண்டு வருஷம் அந்தத் தெருவில் கேள்வி கேட்டுத் திரிந்தவருக்கு அதுவும் தெரிந்திருந்தது. தன் கையைத் துண்டுக்கு அடியில் விட்டார்.

ராவுத்தர் முகம் சுளித்தார். தலையை ஆட்டி மறுத்தார். துணி அசைந்தது. மறுபடி மறுத்தார், இந்த முறை பலமாக. பிக்குவின் முகத்தில் ஒன்றும் இல்லை. துணி அசையவும் இல்லை. கடைசியில் ராவுத்தர் பெருமூச்சு விட்டுக் கையை உருவிக்கொண்டார். அவர் பேரத்தில் தோற்று நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

எத்தனை என்று கேட்டேன்.

"உம்ம மிளகு விலையா இது, தந்தி அடிக்க?" என்றார் ராவுத்தர். பிக்குவைப் பார்த்தேன். கேட்டால் எதையும் சொல்கிறவர், இதைச் சொல்லவில்லை.

ஜூன் தொடக்கத்தில் துறைமுக ரயில் நிலையத்தில் சரக்கு ஏற்றியபோது போய் நின்றேன். தகரங்களைக் கட்டுக் கட்டாகக் கோணியில் சுற்றித் தைத்திருந்தார்கள். எண்ண முடியவில்லை. ஒரு கட்டைத் தூக்க நாலு சுமட்டுக்காரர்கள் வேண்டியிருந்தது. அவர்களுக்கு முன்னால் நின்று பிக்கு, "நீ அந்தப் பக்கம் பிடி, நீ தள்ளு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.